ரோசாலியா மலையும் பி1 பரீட்சையும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கிடக்கு. பாதிக் காரணம் தீசிஸ், மீதி சோம்பேறித்தனம் (விகிதாசாரம் கேக்காதீங்க). பலேர்மோ சாப்பாட்டைப் பத்தி எழுதறேன்னு சொல்லிட்டு ஓடிப்போனவன்தான் நான். இன்னைக்குச் சாப்பாடும் வரும், ஊடால வேற ஒரு கதையும் வரும். பொறுத்தருள்க.

இத்தாலின்னு சொல்லி ஏத்திவிட்டுட்டு எந்த ஊர்லடா இறக்கிவிட்டாங்கன்னு முதல் வாரம் முழுக்க எனக்குச் சந்தேகம். காரணமே இல்லாம ஹாரன். சந்துக்கு இந்தப் பக்கத்து பால்கனியிலிருந்து அந்தப் பக்கத்து பால்கனிக்குக் கொடி கட்டி லுங்கி மாதிரி தொங்குற துணிகள். பல்லாரோ சந்தையில மீன்காரர் பாட்டுப் பாடற மாதிரி இழுத்து இழுத்துக் கூவுவார். அந்தக் கூவலுக்கு இங்க தனியா ஒரு பேரே இருக்கு, அப்பன்னியாத்தா. எங்க ஊரு நாகப்பட்டினம் மீன் மார்க்கெட்ல கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு ரெண்டு நாள் கொசுவத்தி சுத்தினேன், அப்புறம் பழகிடுச்சு.

முதல்ல பழகினது பனெல்லே. கடலைமாவைத் தண்ணியில கரைச்சு, களி கிண்டற மாதிரி அடுப்புல வச்சுக் கிண்டி, கொஞ்சம் பார்ஸ்லி தூவி, பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டு எண்ணெயில பொரிச்சு எடுக்கறாங்க. எள்ளு தூவின பன்னுக்குள்ள அஞ்சாறு துண்டை வச்சு, எலுமிச்சை பிழிஞ்சு கையில குடுப்பாங்க. பஜ்ஜிக்கும் இதுக்கும் என்ன உறவுன்னு ஆராய்ச்சி பண்ணாம சாப்பிடணும். அப்புறம் அரன்ச்சீனா, அதாவது சோத்து உருண்டைக்குள்ள கறி வச்சுப் பொரிச்சது. பலேர்மோவுல அது பெண்பால். தீவோட அந்தப் பக்கம் கத்தானியாவுல அதையே அரன்ச்சீனோன்னு ஆண்பாலாக்கிடுவாங்க. இதுக்காக ரெண்டு ஊரும் அடிச்சுக்கற அழகைப் பார்த்தா நம்ம ஊர் திருநெல்வேலி அல்வா சண்டையெல்லாம் ஒண்ணுமே இல்ல. மண்ணீரலை வேகவச்சு பன்றிக்கொழுப்புல வதக்கி பன்னுக்குள்ள வச்சுத் தர்றதும் உண்டு. ஒரு தடவை சாப்பிட்டேன். ரெண்டாவது தடவை சாப்பிடல.

நிற்க. கதை இங்கதான் ஆரம்பம்.

வீட்டு ஓனர் முதல் நாளே கேட்டார், "இந்தியாவா? ஓ, அப்ப நீ தமிழ் இல்ல." நான் ஙேன்னு முழிச்சேன். இந்த ஊர்ல "தமிழ்"னா இலங்கைன்னு அர்த்தம். எண்பதுகள்ல இருந்து ஈழத்துச் சனங்க வந்து சேர்ந்த ஊர் இது. வேற நாட்டுக்குப் போற வழியில இறங்கி அப்படியே தங்கிட்டவங்களும் உண்டு. பெரும்பாலும் வீட்டு வேலை, வயசானவங்களைப் பார்த்துக்கற வேலை. நானும் தமிழ்தான்னு ஓனருக்குப் புரியவைக்க எனக்குத் தெரிஞ்ச இத்தாலியன் பத்தல. "தமிழ்க்காரங்க ரொம்ப நல்லவங்க, சத்தமே போட மாட்டாங்க"ன்னு முதுகைத் தட்டினார். பாராட்டுத்தான். ஆனா நாப்பது வருஷமா ஒரு ஊர்ல இருக்கறவங்களைப் பத்தி ஊருக்குத் தெரிஞ்சது சத்தம் போட மாட்டாங்கங்கறது மட்டும்தான்னா... சரி விடுங்க.

பல்லாரோவுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு தமிழ்க் கடை இருக்கு. முருங்கைக்காய், கறிவேப்பிலை, கருவாடு, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். அங்கதான் அக்காவைப் பார்த்தேன். (பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால இந்தப் பதிவு முழுக்க அக்காதான்.)

"தம்பி இந்தியாவோ? எவடம்?"

நாகப்பட்டினம்னேன்.

"சுனாமி அடிச்ச இடமெல்லே? எங்களுக்கும் அடிச்சதுதானே. நான் பருத்தித்துறை."

2004 சுனாமி வந்தப்ப எனக்கு மூணு வயசு, எதுவும் ஞாபகமில்ல. எங்க ஊர்ல இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல கப்பல் விட்டாங்க. நடுவுல நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப ஓட ஆரம்பிச்சது. நாலு மணி நேரப் பயணம். நான் அந்தக் கரையைப் பார்த்ததே இல்ல. நாலு மணி நேரக் கடல் தூரத்துல இருக்கற ஒரு ஆளை முதன்முதலா நேர்ல பார்த்து நான் பேசினது இந்த மத்தியதரைக் கடல் தீவுலதான். வெக்கமா இருந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுல இடியாப்பம், சொதி, சம்பல். இலை நிறைய வச்சுட்டு "காணுமே தம்பி?"ன்னு கேட்டாங்க. எதையோ காணோம்னு சொல்றாங்கன்னு நெனச்சு நான் மேசைக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பார்த்தேன். அக்கா மக விழுந்து விழுந்து சிரிச்சா. "அண்ணா, காணுமேன்னா போதுமான்னு அர்த்தம்." அதுக்கப்புறம் அந்த வீட்டுல அது ஒரு ஜோக் ஆயிடுச்சு.

அந்தப் பொண்ணைப் பத்திச் சொல்லணும். 2010 நவம்பர்ல பிறந்தவ. பிரசவத்துக்கு அக்கா ஊருக்கே போயிட்டாங்க, தாய் வீட்டுலதானே பிள்ளை பெறணும்னு. குழந்தையை அம்மம்மாகிட்ட விட்டுட்டு வேலைக்குத் திரும்ப வந்து, 2014-லதான் இங்க கூட்டிட்டு வந்தாங்க. அவ இப்பப் பேசறது அச்சு அசல் பலேர்மோ பாஷை. இத்தாலியன்ல "பெல்லா"ன்னா அழகி, சிசிலியன்ல அது "பெட்டா". அந்த "ட்ட"வை "வண்டி"ல வர்ற "ட" மாதிரி நாக்கை மடிச்சு அழுத்திச் சொல்லணும். மிலானோக்காரனுக்கு அது வாயில வராது. நமக்குத் தண்ணி பட்ட பாடு :-)

பொம்மலாட்டத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போனதும் அவதான். இரும்புக் கவசம் போட்ட மர வீரர்கள், ஓர்லாந்தோ, ரினால்தோ, சண்டை வந்தா பொம்மலாட்டக்காரர் கட்டைச் செருப்பால தரையை மிதிமிதின்னு மிதிக்கறார். முன்னாடியெல்லாம் ஒரே கதையை மாசக்கணக்கா ராத்திரி ராத்திரி ஆடுவாங்களாம், நம்ம பாரதக் கூத்து மாதிரி. 2001-ல யுனெஸ்கோ இதைத் தேர்ந்தெடுத்து கௌரவிச்சது. எந்த வீரன் யாருக்கு மச்சான்னு அவ தமிழும் சிசிலியனும் கலந்து எனக்கு விளக்கினா. எனக்கு அர்ஜுனன் மச்சானே தகராறு.

சரி, பரீட்சைக்கு வர்றேன்.

இத்தாலியக் குடியுரிமை 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடக்குது. நம்மள மாதிரி ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவங்க பத்து வருஷம் சட்டப்படி இங்க வசிச்சிருக்கணும். கடைசி மூணு வருஷ வருமானத்தைக் காட்டணும். 2018 டிசம்பர்ல இருந்து இன்னொண்ணும் சேர்ந்துச்சு, பி1 அளவுல இத்தாலியன் தெரியும்னு ஒரு சான்றிதழ். அக்கா வந்தது 2006. பத்து வருஷம் எப்பவோ தாண்டியாச்சு. ஆனா முன்னாடி வேலை பார்த்த வீடுகள்ல வாரத்துக்கு அம்பது மணி நேரம் வேலை வாங்கிட்டு காகிதத்துல இருபதுன்னு காட்டினாங்க. வருமானக் கணக்கு எட்டவே இல்ல. 2017-ல அண்ணன் தவறிப்போனதுக்கப்புறம் இன்னும் மோசம். 2021-ல இப்ப இருக்கற சினியோரா வீட்டுக்குப் போனப்பத்தான் முழு மணி நேரத்துக்கும் ஒப்பந்தம் போட்டாங்க. மூணு வருஷக் கணக்கு ஒரு வழியா சேர்ந்துச்சு.

நீண்டகால அனுமதி அட்டை வச்சிருக்கறவங்களுக்கு இந்த பி1 தேவையில்ல. குடும்பத்தோட அந்த அட்டை கேட்டா வீடு இத்தனை அளவு இருக்கணும்னு விதி. அக்கா வீடு பல்லாரோவுல ஒரு பழைய கட்டடத்தோட மூணாவது மாடி. அளவெடுக்கறதுக்கு முன்னாடியே பதில் தெரியும்.

இதுல கடிகாரம் ஒண்ணு ஓடிட்டிருக்கு. அம்மாவுக்குக் குடியுரிமை கிடைக்கற அன்னைக்குக் கூட இருக்கற பிள்ளைக்கு 18 வயசு ஆகாம இருந்தா பிள்ளைக்கும் சேர்ந்து கிடைக்கும். ஆயிட்டா, பிள்ளை தனியா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், வருமானக் கணக்கு உட்பட. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க 24 மாசம், அது 36 மாசம் வரைக்கும் நீளலாம்.

போன வருஷம் ஒரு தடவை பரீட்சை எழுதி அக்கா எழுத்துப் பகுதியில போயிட்டாங்க. கேக்கறதுக்கே அநியாயமா இருந்துச்சு. கத்தரிக்காயைப் பொரிச்சு புளிப்பும் இனிப்புமா கப்பொனாத்தா செய்யறதுல இருந்து மத்தி மீன் பாஸ்தா வரைக்கும் அந்த சினியோரா வீட்டுச் சமையல் முழுக்க இவங்க கை. மருந்துச் சீட்டு படிப்பாங்க, டாக்டர்கிட்ட வாதாடுவாங்க, சந்தையில பேரம் பேசினா மீன்காரரே கையெடுத்துக் கும்பிடுவார். ஆனா கத்துக்கிட்டது முழுக்க 86 வயசு பலேர்மோ கிழவிகிட்ட. பாதி சிசிலியன். "போகலாம்"னு எழுதச் சொன்னா "அந்தியாமோ"ன்னு எழுதாம "அமுனீ"ன்னு எழுதறாங்க!

"எனக்கு வாசிச்சா விளங்குது தம்பி. எழுதத்தான் கை வருகுதில்லை."

அப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன். ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம், சம்பளம் இடியாப்பம். வாத்தியாரோட இத்தாலியன் மாணவியோடதை விட மோசம்ங்கறது வேற விஷயம், ஆனா பரீட்சைக்கு எழுதற வித்தை இருக்கே, அது நம்ம தேசியத் திறமை. பிளஸ் டூ வரைக்கும் நமக்கு வேற என்ன சொல்லிக்குடுத்தாங்க? "உங்கள் தெருவிளக்கு எரியவில்லை, நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதுக." ஆரம்பம் ஒரு வரி, பிரச்சினை ரெண்டு வரி, கோரிக்கை ஒரு வரி, நன்றி, வணக்கம். அக்கா முதல் கடிதத்துல தெருவிளக்கை விட்டுட்டு மேயரை நல்லா கேட்டிருந்தாங்க. அதைக் கிழிக்க எனக்கு மனசு வரல.

ஒரு ஞாயிறு பாடம் முடிஞ்சதும் 2009-ஐப் பத்திக் கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் பேசாம பாத்திரம் கழுவினாங்க. அப்புறம், "நீர் அப்ப சின்னப் பொடியன்தானே"ன்னாங்க. எட்டு வயசு. அந்த மே மாசம்னா எனக்கு ஞாபகம் இருக்கறது தென்னாப்பிரிக்காவுல நடந்த ஐபிஎல். அதை நான் அக்காகிட்ட சொல்லல. இங்க சொல்றேன்.

2025 ஜூன்ல அக்கா ரெண்டாவது தடவை பரீட்சை எழுதினாங்க. அதே ஜூன் 8, 9 தேதிகள்ல நாடு முழுக்க பொதுவாக்கெடுப்பு. அஞ்சு கேள்வி, அதுல ஒண்ணு அந்தப் பத்து வருஷத்தை அஞ்சாக்கலாமான்னு. சினியோராவை சக்கர நாற்காலியில வச்சு வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிட்டுப் போனது அக்கா. உள்ள திரைக்குப் பின்னாடி போகக்கூடாதில்ல, அதனால வாசல்ல நின்னாங்க. வெளிய வந்த கிழவி தெருவுக்கே கேக்கற மாதிரி, "உனக்காகத்தான் ஆமாம்னு போட்டேன்"னு கத்திச்சாம். (ரகசிய வாக்கெடுப்பு!) பாதிப் பேருக்கு மேல ஓட்டுப் போட்டாத்தான் முடிவு செல்லும். நாடு முழுக்க வந்தது 30 சதவீதம் அளவுக்குத்தான், சிசிலியில அதை விடக் குறைவு. வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு ஆதரவு, ஆனா செல்லாது. இந்த நாட்டுல அக்கா போட்ட ஒரே ஓட்டு 2013-ல, வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு பலேர்மோ நகராட்சி வச்ச பண்பாட்டு ஆலோசனைக் குழுவுக்கு. பேர்லயே இருக்கு, ஆலோசனை மட்டும் சொல்லலாம்.

இப்ப மலை.

பலேர்மோவுக்குக் காவல் தெய்வம் சாந்தா ரோசாலியா. 12-ஆம் நூற்றாண்டு, நல்ல குடும்பத்துப் பொண்ணு, எல்லாத்தையும் விட்டுட்டு மலைக்குகையில போய்த் தவம் இருந்தவ. அவளை ரெண்டாம் ரோஜர் ராஜாவோட அரண்மனையோட சேர்த்துச் சொல்ற கதைகள் உண்டு. அதே ரோஜருக்காக, இதே ஊர்ல, அல் இத்ரீசிங்கற அரபு அறிஞர் 1154-ல ஒரு உலக வரைபடம் முடிச்சுக் குடுத்தார். தெற்கு மேல, வடக்கு கீழ. அதுல சரந்தீப், அதாவது இலங்கை இருக்கு. அக்காகிட்ட இதைச் சொன்னப்ப, "அப்ப எங்களை முந்தியே தெரியும் எண்டு சொல்லும், பிறகேன் இவ்வளவு பேப்பர் கேக்கினம்?"னாங்க.

1624-ல தூனிஸ்ல இருந்து வந்த ஒரு கப்பலோட பிளேக் ஊருக்குள்ள வந்துச்சு. அந்த வருஷம் ஜூலை 15 அன்னைக்கு மலைக்குகையில ரோசாலியாவோட எலும்புகள் கிடைச்சதாச் சொல்லி, அடுத்த வருஷம் ஊர்வலமா எடுத்துட்டு வர, நோய் தணிஞ்சதுன்னு நம்பிக்கை. அதுக்கு முன்னாடி ஊருக்கு நாலு பெண் புனிதர்கள் காவல். நாலு பேரையும் பின்னால தள்ளிட்டு இவ முன்னால வந்துட்டா. ஃப்ளெமிஷ் ஓவியர் வான் டைக் அந்தச் சமயம் இங்க மாட்டிக்கிட்டு இவளை வரைஞ்சு தள்ளினார், அதுல ஒண்ணு இப்ப நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல இருக்கு.

ஜூலை 14 ராத்திரி தேர். பேரே ஃபெஸ்தீனோ, 2025-ல 401-வது. மேயர் தேர் மேல ஏறிப் பூ வச்சு, பலேர்மோ வாழ்க, சாந்தா ரோசாலியா வாழ்கன்னு கத்துவார். தெரு முழுக்க தர்பூசணி, அவிச்ச சோளம், வறுத்த கொண்டைக்கடலை, பூசணி விதை. பொரிகடலையும் பஞ்சுமிட்டாயும்தான் பாக்கி. பூண்டு போட்ட குட்டி நத்தைகளும் உண்டு, அதை உறிஞ்சிச் சாப்பிடறாங்க. நான் சோளத்தோட நிறுத்திக்கிட்டேன்.

ஆனா நம்ம ஆளுங்களுக்கு முக்கியம் செப்டம்பர் 3 ராத்திரி. மோந்தே பெல்லெக்ரினோ மலைமேல இருக்கற குகைக்கோயிலுக்கு விடிய விடிய நடந்து ஏறணும். பேரு அக்கியனாத்தா, ஏற்றம்னு அர்த்தம். சிசிலிக்காரங்களுக்குச் சமமா தமிழ்க்காரங்க ஏறறாங்க, கிறிஸ்தவங்க மட்டுமில்ல, சைவக்காரங்களும். எங்க ஊர்ப்பக்கம் ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டிக்கிட்டு நடந்து போறவங்களை வாசல்ல உக்காந்து பார்த்தே வளர்ந்தவன் நான். தண்ணி குடுத்திருக்கேன். நடந்ததில்ல. நடக்கறதுக்கு பலேர்மோ வரவேண்டியதாயிடுச்சு.

அக்கா நெத்தியில திருநீறு, காலில செருப்பில்ல. பரீட்சை முடிவு இன்னும் வரல, அதுக்குத்தான் நேர்த்தி. மகளும் வந்தா, காதுல பாட்டு மாட்டிக்கிட்டு. பழைய கல் பாவின பாதை, வளைஞ்சு வளைஞ்சு போகுது. ஒவ்வொரு வளைவுலயும் கீழ ஊரும் துறைமுகமும் கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகுது. எனக்கு முன்னாடி ஒரு சிசிலிப் பாட்டி முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படிக்கும் ஏதோ திட்டிக்கிட்டே ஏறினா. சாமியையா படியையான்னு தெரியல. பின்னாடி ஒரு குடும்பம் யாழ்ப்பாணத் தமிழ்ல, யாரோட கலியாணத்துக்கு யார் வரலைன்னு மேல வரைக்கும் பேசிட்டே வந்துச்சு. எனக்குப் பாதி வழியில மூச்சு வாங்கிருச்சு. அக்கா நிக்கவே இல்ல.

பாஸ்போர்ட் கிடைச்சா லண்டன் போயிடுவீங்களான்னு கேட்டேன். இங்க வாங்கிட்டு அங்க போனவங்க நிறையப் பேர், 2020 முடிவுல பிரெக்ஸிட் அந்தக் கதவைச் சாத்தற வரைக்கும்.

"ஏன் போகோணும்? கிழவியை ஆர் பார்க்கிறது? இவளுக்கு இஞ்சதான் எல்லாம். எனக்கு இல்லாட்டிலும் பரவாயில்லை, இவள் எங்க போனாலும் வரிசையில மற்றப் பக்கம் நிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

குகைக்கு உள்ள கூரையில இருந்து சொட்டுற தண்ணியைத் தகடு கட்டித் திருப்பி விட்டிருக்காங்க, விதானம் முழுக்க கோணல் மாணலா தகடு. கண்ணாடிக்குப் பின்னாடி தங்க அங்கி போத்திக்கிட்டு ரோசாலியா படுத்திருக்கா. அக்கா கண்ணாடிகிட்ட குனிஞ்சு ரொம்ப நேரம் ஏதோ சொல்லிட்டிருந்தாங்க. தமிழ்லதான். பி1 எல்லாம் அங்க கேக்கறதில்ல போல.

நான் சாமி கும்பிடறவன் இல்ல. ஆனாலும் எழுத்துப் பகுதியை மட்டும் பார்த்துக்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லி வச்சேன். வாத்தியாருக்கும் மானம் இருக்கில்ல.

இறங்கி வர்றப்ப விடிஞ்சிருச்சு. மலையடிவாரத்துல ஒரு வண்டியில பனெல்லே, மூணு பேருக்கும் அக்காதான் வாங்கிக் குடுத்தாங்க.

பத்து நாள் கழிச்சு முடிவு வந்துச்சு. பாஸ். எழுத்துப் பகுதியில மயிரிழையில. அப்புறம் பருத்தித்துறைப் பிறப்புச் சான்றிதழ், இலங்கைப் போலீஸ் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, கொழும்பு இத்தாலியத் தூதரக முத்திரைன்னு ஏற்கெனவே சேர்த்து வச்சிருந்த காகிதத்தையெல்லாம் ஸ்கேன் பண்ணி, 250 யூரோ கட்டி, அக்டோபர் முதல் வாரம் ஒரு ராத்திரி என் லேப்டாப்ல இருந்து விண்ணப்பத்தை அனுப்பினோம். கடைசி பட்டனை அக்கா மக அழுத்தினா.

அப்புறம் நான் காலண்டரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 36 மாசமும் முழுசா எடுத்துக்கிட்டா 2028 அக்டோபர் ஆரம்பம். அதுக்கப்புறம் சத்தியப்பிரமாணம் வேற இருக்கு, அதுவும் 18 ஆகறதுக்குள்ள முடியணும். அவளுக்கு 18 முடியறது நவம்பர் கடைசியில. திரும்ப எண்ணினேன். மொத்தம் ஏழு வாரம். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஸ்க்ரீனையே பார்த்துட்டிருந்தேன்.

அக்கா எப்பவோ எண்ணி வச்சிருக்காங்க.

"ஏழு கிழமை கிடக்கு தம்பி. காணும்."